எடைக் குறைப்பு அறுவைச் சிகிச்சை: உடல் தயார்... மனம் தயாரா?

இரத்தப் பரிசோதனை முடிந்தது. வயிற்றுக்குள் கேமரா விட்டுப் பார்த்தாகிவிட்டது. இதயமும் நுரையீரலும் சரி. தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்றும் சோதித்துவிட்டார்கள்.

அடுத்து, உளவியல் நிபுணரைப் பார்க்கச் சொல்கிறார்கள்.

"ஆப்பரேஷன் வயித்துலதானே? மனநல டாக்டர் எதுக்கு?"

பலருக்கும் வரும் முதல் கேள்வி இது. நியாயமான கேள்விதான்.

பதில் சுருக்கமானது. அறுவைச் சிகிச்சை வயிற்றின் அளவை மாற்றும். பசி இல்லாதபோதும் உங்களைச் சாப்பிட வைத்தது எதுவோ, அது அப்படியே இருக்கும். அதை முன்கூட்டியே தெரிந்துவைத்திருந்தால், சிகிச்சைக்குப் பிந்திய மாதங்களைச் சமாளிப்பது எளிது.

எப்படித் தயாராவது? பார்ப்போம்.

யாருக்கு இந்தச் சிகிச்சை?

சிங்கப்பூரில் 18 வயதுக்கும் 74 வயதுக்கும் இடைப்பட்டோரில் 11.6 விழுக்காட்டினருக்கு உடற்பருமன் இருப்பதாக 2021-2022ஆம் ஆண்டுக்கான தேசிய மக்கள் சுகாதாரக் கருத்தாய்வு காட்டியது.

ஆனால் உடற்பருமன் உள்ள எல்லாருக்கும் அறுவைச் சிகிச்சை தேவையில்லை. பொதுவாக, உடல் எடைக் குறியீடு 37.5 அல்லது அதற்கு மேல் இருப்போருக்குப் பரிந்துரைக்கப்படுகிறது. நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், தூக்கத்தில் மூச்சுத் தடை போன்றவை இருந்தால் 32.5இலிருந்தே பரிசீலிக்கப்படும். ஆசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே இந்த நோய்கள் வருவதால் மேற்கத்திய நாடுகளைவிட இங்கு எல்லை குறைவாக வைக்கப்பட்டிருக்கிறது.

1.60 மீட்டர் உயரமுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் 96 கிலோகிராம் இருந்தால் குறியீடு 37.5. சுமார் 83 கிலோகிராம் இருந்தால் 32.5.

மருத்துவக் காரணத்துக்காகச் செய்துகொண்டால் மெடிசேவ் பணத்தைப் பயன்படுத்தலாம். அழகுக்காகச் செய்துகொண்டால் முடியாது.

சிகிச்சை என்ன செய்யும்?

அதிகம் செய்யப்படுபவை 2 முறைகள்.

• இரைப்பையைச் சுருக்கும் 'ஸ்லீவ்' முறை: இரைப்பையில் முக்கால் பங்குக்கும் மேல் வெட்டி எடுக்கப்படுகிறது. மிஞ்சுவது வாழைப்பழ வடிவத்தில் ஒரு குழாய். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோனும் குறையும்.

• இரைப்பை 'பைபாஸ்' முறை: இரைப்பையின் மேற்பகுதியில் சுமார் 30 மில்லிலிட்டர் கொள்ளும் சிறு பை உருவாக்கப்பட்டு, அது நேரே சிறுகுடலில் இணைக்கப்படுகிறது. உணவு சிறுகுடலின் ஒரு பகுதியைக் கடக்காமலேயே போகிறது.

இரண்டுமே பெரும்பாலும் சிறு துளைகள் மூலம் செய்யப்படுகின்றன. சில நாள்களில் வீடு திரும்பிவிடலாம். வெட்டி எடுத்த இரைப்பையைத் திரும்ப வைக்க முடியாது. இது வாழ்நாள் முடிவு.

அதனால்தான் மனமும் தயாராக இருக்கவேண்டும் என்கிறார்கள்.

மனநல மதிப்பீடு என்பது தேர்வா?

இல்லை. ஆனால் நிறைய பேர் அதைத் தேர்வு போலத்தான் பார்க்கிறார்கள். "எனக்கு டிப்ரஷன் இருந்துச்சுன்னு சொன்னா ஆப்பரேஷன் பண்ணமாட்டாங்களோ?" என்று பயந்து, நல்ல பதில்களைத் தயார்செய்துகொண்டு போகிறார்கள்.

சிகிச்சைக்கு வருவோரைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்த ஓர் அறிக்கை 2016இல் வெளியானது. அதன்படி, ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு இருந்தது. ஏறக்குறைய ஆறில் ஒருவருக்குக் கட்டுப்பாடின்றிச் சாப்பிடும் பிரச்சினை இருந்தது.

அதாவது, உங்களுக்கு அப்படி ஏதாவது இருந்தால் நீங்கள் மட்டும் தனி ஆள் இல்லை. அந்த அறைக்குள் தினமும் கேட்கிற கதைதான் அது.

மனச்சோர்வு இருப்பதால் மட்டும் வாய்ப்பு மறுக்கப்படுவதில்லை. அது கட்டுப்பாட்டில் இருக்கிறதா, அதற்கு யார் சிகிச்சை தருகிறார், பின்னர் யார் கவனித்துக்கொள்வார் என்பதே முக்கியம். தேவைப்பட்டால் சில மாதங்கள் தள்ளிப்போடச் சொல்வார்கள். தள்ளிப்போடுவதும் மறுப்பதும் வேறு வேறு.

மதிப்பீட்டில் பொதுவாக இவற்றைக் கேட்பார்கள்:

• எந்த வயதிலிருந்து எடை கூடியது? அப்போது வாழ்க்கையில் என்ன நடந்தது?
• இதுவரை என்னென்ன முயற்சி செய்தீர்கள்? எதனால் நின்றுபோனது?
• மனம் சரியில்லாத நேரத்தில் சாப்பாட்டை நாடுகிறீர்களா?
• மது, புகை, வேறு பழக்கங்கள் உண்டா?
• தற்போது என்னென்ன மருந்துகள் சாப்பிடுகிறீர்கள்?
• வீட்டில் யார் துணையாக இருப்பார்?
• சிகிச்சைக்குப் பிறகு என்ன மாறும் என்று நினைக்கிறீர்கள்?

கடைசிக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல நினைக்காதீர்கள். வீட்டிலேயே உட்கார்ந்து யோசித்து எழுதிக்கொண்டு போங்கள்.

வயிற்றுப் பசியா? மனப் பசியா?

இரவு 11 மணி. வேலையில் மேலாளரிடம் திட்டு வாங்கிய நாள். பேருந்தை விட்டு இறங்கியதும் புளோக் கீழே கோப்பிக் கடை விளக்கு தெரிகிறது. மாலையிலேயே சாப்பிட்டாயிற்று. இருந்தாலும் ரெண்டு பரோட்டா, ஒரு தே தாரிக். சாப்பிடும் அந்தப் பத்து நிமிடத்துக்கு மனசு அமைதியாக இருக்கிறது.

அந்தப் பத்து நிமிடத்தில் பரோட்டா உங்களுக்கு உணவாக இல்லை. ஆறுதலாக இருந்தது.

இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. அழுத குழந்தைக்குப் பிஸ்கட் கொடுத்து வளர்ந்த வீடுகள்தானே நமது? ஆனால் சிகிச்சைக்குப் பிறகு ரெண்டு பரோட்டா உள்ளே போகாது. திட்டு வாங்கும் நாள்கள் மட்டும் வந்துகொண்டே இருக்கும். அன்று இரவு என்ன செய்வீர்கள்?

இரண்டு பசிகளையும் பிரித்துப் பார்க்கச் சில அடையாளங்கள்:

• வயிற்றுப் பசி மெல்ல மெல்ல வரும். மனப் பசி திடீரென்று வரும்.
• வயிற்றுப் பசிக்கு இட்டிலியும் போதும், மீன் சோறும் போதும். மனப் பசி குறிப்பிட்ட ஒன்றைத்தான் கேட்கும்.
• வயிற்றுப் பசி நிரம்பியதும் அடங்கும். மனப் பசி நிரம்பிய பிறகும் கை நீட்டும்.
• மனப் பசி பெரும்பாலும் "ஏன் சாப்பிட்டேன்?" என்ற வருத்தத்தில் முடியும்.

எளிய பயிற்சி ஒன்று. இரண்டு வாரத்துக்கு ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். கலோரி எதுவும் எழுதவேண்டாம். எத்தனை மணிக்கு, எங்கே, யாரோடு, என்ன சாப்பிட்டீர்கள், சாப்பிடும் முன் மனம் எப்படி இருந்தது... அவ்வளவுதான். கோபமா, அலுப்பா, தனிமையா, சும்மா சலிப்பா?

இரண்டு வாரத்தில் ஒரு வடிவம் தெரியும். சிலருக்கு அது இரவு நேரம். சிலருக்கு அம்மாவிடம் ஃபோனில் பேசிய பிறகு. சிலருக்கு எல்லாரும் தூங்கியபின் கிடைக்கும் அந்த ஒரு மணி நேரம். குறிப்பேட்டை உளவியல் நிபுணரிடம் காட்டுங்கள். தயார்செய்த பதில்களைவிட அது உங்களுக்குப் பயன்படும்.

குறைந்த நேரத்தில் மிக அதிகமாக, நிறுத்தவே முடியாமல், பிறருக்குத் தெரியாமல் சாப்பிடுகிறீர்களா? வாரத்தில் ஒருமுறையாவது, மூன்று மாதமாக நடக்கிறதா? கட்டாயம் சொல்லுங்கள். அது சிகிச்சை தேவைப்படும் பிரச்சினை. உங்களுடைய மன உறுதிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

சொல்லாமல் விட்டால் என்ன ஆகும்? சிகிச்சைக்குப் பிறகு ஒரே நேரத்தில் அதிகம் சாப்பிட முடியாது. அதற்குப் பதில் நாள் முழுக்கக் கொறிக்கும் பழக்கம் வரலாம். ஐஸ்கிரீம், இனிப்பு பானம், முறுக்கு எல்லாம் சிறிய வயிற்றையும் எளிதாகக் கடந்துவிடும்.

எதிர்பார்ப்பு எவ்வளவு இருக்கலாம்?

இங்குதான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். சிகிச்சை வேலை செய்தும் ஏமாற்றம்!

இன்று அதிகம் செய்யப்படும் முறைகளில், முதல் ஒன்றரை ஆண்டுக்குள் தொடக்க எடையில் கிட்டத்தட்ட 25 முதல் 30 விழுக்காடு குறைவது வழக்கம். ஆளுக்கு ஆள் மாறுபடும்.

1.60 மீட்டர் உயரம், 110 கிலோகிராம் எடை உள்ள ஒருவர் சுமார் 80 கிலோகிராமுக்கு வரலாம். மருத்துவர் கண்ணுக்கு அது பெரிய வெற்றி. நீரிழிவு கட்டுக்குள் வரும் வாய்ப்பு அதிகம். மூட்டுவலி குறையும். இரவில் மூச்சு சீராகும்.

ஆனால் அவருடைய குறியீடு அப்போதும் 31. அட்டவணையில் இன்னும் 'அதிக ஆபத்து' வரிசையில்தான் இருப்பார். கல்யாண ஆல்பத்தில் இருந்த 58 கிலோகிராமை எதிர்பார்த்திருந்தால்?

"இவ்ளோ கஷ்டப்பட்டும் இவ்ளோதானா?" என்று மனம் உடையும்.

ஆகையால் கிலோகிராம் கணக்கோடு வேறு இலக்குகளையும் எழுதிவையுங்கள்:

• எம்ஆர்டி நிலையத்தில் மூச்சு வாங்காமல் படியேறுவது
• இன்சுலின் அளவைக் குறைப்பது
• விமானத்தில் இருக்கை வார் நீட்டிப்புக் கேட்காமல் உட்காருவது
• பேரப்பிள்ளையோடு தரையில் உட்கார்ந்து விளையாடி, தானாக எழுந்திருப்பது

உடலில் வேறு மாற்றங்களும் வரும். மூன்றாவது மாதத்திலிருந்து ஆறாவது மாதத்துக்குள் முடி கொட்டலாம். பெரும்பாலும் திரும்ப வளர்ந்துவிடும். வயிற்றிலும் கைகளிலும் தொடையிலும் தோல் தொங்கலாம். அது உடற்பயிற்சியால் மட்டும் போகாது. சட்டை அளவு இறங்கியும் கண்ணாடியில் பார்க்கப் பிடிக்கவில்லை என்று சிலர் வருந்துவதற்கு இதுவே காரணம்.

மூளையும் உடனே மாறிவிடாது. எடை குறைந்து பல மாதங்கள் ஆனபின்னும், பேருந்தில் இரண்டு பேர் இருக்கையைத் தேடுவீர்கள். பழைய அளவுச் சட்டையையே கையில் எடுப்பீர்கள். கொஞ்சம் கால அவகாசம் கொடுங்கள்.

அந்த இரண்டு வாரம்: நல்ல ஒத்திகை

சிகிச்சைக்கு முன் சுமார் இரண்டு வாரம் மிகக் குறைந்த கலோரி உணவு தரப்படும். பெரும்பாலும் சத்துப்பால் வகைகள். கல்லீரலில் உள்ள கொழுப்பைக் குறைத்து அதைச் சுருங்கவைப்பது நோக்கம். கல்லீரல் இரைப்பைக்கு மேல் படிந்திருக்கிறது. அது பெரிதாக இருந்தால் மருத்துவருக்கு இடம் கிடைக்காது.

மனத்துக்கும் அது ஒத்திகைதான். வீட்டில் மற்றவர்கள் மீன் குழம்பு சாப்பிடும்போது நீங்கள் குவளையோடு உட்கார்ந்திருப்பீர்கள். எரிச்சல் வரும். அழுகைகூட வரலாம். அந்த நேரத்தில் எது உங்களைத் தாங்கிப் பிடிக்கிறது என்று கவனியுங்கள். சிகிச்சைக்குப் பிறகும் அதுவே உதவும்.

பிறகு வருவது என்ன? முதல் இரண்டு வாரம் நீராகாரம். அப்புறம் மசித்த உணவு, அதன்பின் மென்மையான உணவு. வழக்கமான உணவுக்குத் திரும்ப ஆறு முதல் எட்டு வாரம் ஆகலாம்.

அதன்பிறகும் சில பழக்கங்கள் நிரந்தரம்:

• சிறு சிறு கவளமாக, நன்றாக மென்று சாப்பிடவேண்டும்
• முட்டை, மீன், கோழி, தோஃபு போன்ற புரதத்துக்கு முதலிடம்
• சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக்கூடாது. சுமார் அரை மணி நேரம் கழித்துக் குடிக்கலாம்
• விட்டமின், இரும்பு, கால்சியம் மாத்திரைகள் வாழ்நாள் முழுக்க
• ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனை

இதில் எதுவும் தனியாகப் பார்த்தால் கஷ்டம் இல்லை. பத்து ஆண்டுக்கு விடாமல் செய்வதுதான் கஷ்டம். இப்போதே தொடங்கிப் பாருங்கள். இன்று மதியச் சாப்பாட்டை அரை மணி நேரம் எடுத்து, தண்ணீர் குடிக்காமல் சாப்பிட முடிகிறதா?

சாப்பாட்டைப் பிரிவதும் ஒரு பிரிவுதான்

முதல் சில வாரங்களில் "ஏன்டா செய்துகொண்டோம்?" என்று தோன்றுவது அசாதாரணம் இல்லை. வலி, களைப்பு, வேகமான உடல் மாற்றம் எல்லாம் சேர்ந்து அப்படி நினைக்க வைக்கும்.

அதோடு ஓர் இழப்பும் இருக்கிறது. ஆண்டுக்கணக்காக உங்களுடைய சந்தோஷத்திலும் துக்கத்திலும் கூடவே இருந்த துணை ஒன்று விலகிப் போயிருக்கிறது. அதற்காகத் துக்கப்படலாம். தப்பில்லை.

அந்த இடத்தை நிரப்ப வேறு என்ன இருக்கிறது? சிகிச்சைக்கு முன்பே பட்டியல் போடுங்கள். கையில் சாப்பாடு இல்லாமல் மனத்தை ஆற்றும் ஐந்து வழிகளாவது வேண்டும். மாலையில் பூங்கா இணைப்புப் பாதையில் நடப்பது, பழைய பாட்டுக் கேட்பது, தோழியை ஃபோனில் கூப்பிடுவது, கோயிலிலோ பள்ளிவாசலிலோ தேவாலயத்திலோ சற்று உட்கார்ந்துவிட்டு வருவது, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது. உங்களுக்கு எது சரிவருமோ அது.

சரி, ஊருக்கு என்ன சொல்வது?

நம் வீடுகளில் அன்பு தட்டில்தான் வரும். "என்ன, இவ்வளவுதானா? நான் செஞ்சது நல்லா இல்லையா?" என்று அத்தை முகம் வாடும். தீபாவளிக்குப் பத்து வீடு போனால் பத்து வீட்டிலும் பலகாரம். கல்யாண விருந்தில் மறுத்தால் மரியாதை இல்லை என்று நினைப்பார்கள்.

எடை குறைந்தாலும் விடமாட்டார்கள். "ஐயோ, இப்படி இளைச்சுப் போயிட்டியே! உடம்புக்கு என்ன?"

விஷயம் தெரிந்தால் இன்னொன்று. "கொஞ்சம் வாயைக் கட்டியிருந்தா இதெல்லாம் தேவையா? சுலபமான வழியைப் பிடிச்சுட்டே!"

இது சுலபமான வழி இல்லை என்பது இதுவரை படித்த உங்களுக்குத் தெரியும். உடற்பருமன் நாள்பட்ட நோய். மரபணு, ஹார்மோன், தூக்கம், மருந்துகள், மன அழுத்தம் எல்லாவற்றுக்கும் அதில் பங்கு உண்டு. சாப்பாட்டைக் குறைத்து எடை இறங்கினால், உடல் பசியைக் கூட்டி அதை மீண்டும் ஏற்றப் பார்க்கிறது. பலமுறை முயன்று எடை திரும்பியவர்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

யாரிடம் எவ்வளவு சொல்வது என்பது உங்கள் உரிமை. மூன்று வட்டமாகப் பிரித்துக்கொள்ளலாம்:

• எல்லாம் தெரியவேண்டியவர்கள்: கணவர் அல்லது மனைவி, சமைப்பவர், மருத்துவமனைக்கு உடன் வருபவர்.
• ஓரளவு தெரிந்தால் போதும் என்பவர்கள்: உறவினர், நெருங்கிய சக ஊழியர். "வயித்துல ஒரு சிகிச்சை செஞ்சிருக்கேன், கொஞ்சம் கொஞ்சமாத்தான் சாப்பிடணும்."
• மற்றவர்கள்: "டாக்டர் சொன்னபடி சாப்பிடறேன், ஆன்ட்டி. நல்லா இருக்கேன்." அதோடு பேச்சை மாற்றிவிடலாம்.

இந்த வாக்கியங்களை வீட்டிலேயே ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். விருந்து நேரத்தில் தானாக வரும்.

தைப்பூச விரதமோ ரமதான் நோன்போ இருப்பவரா? எப்போது, எப்படித் தொடரலாம் என்பதை மருத்துவக் குழுவிடம் முன்பே பேசுங்கள். முதல் சில மாதங்களில் நீர்ச்சத்துக் குறைவது ஆபத்து.

வீட்டுக்குள் வரும் மாற்றம்

சுவீடனைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2018இல் ஒரு விஷயத்தைக் கண்டறிந்தார்கள். எடைக் குறைப்பு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களில் ஏற்கனவே துணையோடு இருந்தவர்களிடையே பிரிவு கூடியிருந்தது. தனியாக இருந்தவர்களிடையே புதிய உறவும் திருமணமும் கூடியிருந்தன.

பயமுறுத்தச் சொல்லவில்லை. உடல் மாறும்போது உறவும் அசையும் என்பதை இரண்டு பேரும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

இதுவரை இரண்டு பேரும் சேர்ந்து இரவு உணவுக்கு வெளியே போவதுதான் உங்கள் நேரம் என்றால், இனி அந்த நேரத்தில் என்ன செய்யப் போகிறீர்கள்? உங்களுக்குப் புதுத் தன்னம்பிக்கை வரும்போது துணைக்குக் கலக்கம் வரலாம். ஆகவே ஆலோசனைச் சந்திப்பு ஒன்றுக்காவது அவரையும் அழைத்துச் செல்லுங்கள்.

வெளியிலும் ஒரு விசித்திரம் நடக்கும். முன்பு கண்டுகொள்ளாதவர்கள் சிரித்துப் பேசுவார்கள். சந்தோஷமாக இருக்கும். கூடவே கோபமும் வரும். "நான் அதே ஆள்தானே?" சிலருக்கு, குறிப்பாக முன்பு பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானவர்களுக்கு, பிறர் பார்வை தங்கள் மீது விழுவதே பயம் தரலாம். அப்படி ஏதும் கடந்துவந்திருந்தால், சிகிச்சைக்கு முன்பே நிபுணரிடம் சொல்லி உதவி பெறுங்கள்.

மதுவில் கவனம்

'பைபாஸ்' செய்துகொண்டால் மது இரத்தத்தில் வேகமாக ஏறும். முன்பு மூன்று குவளைக்கு வந்த போதை ஒன்றிலேயே வரலாம்.

அமெரிக்காவில் 2012இல் வெளியான ஆய்வு ஒன்றில், சிகிச்சைக்கு முன் 7.6 விழுக்காட்டினருக்கு மதுப் பிரச்சினை இருந்தது. இரண்டாம் ஆண்டில் அது 9.6 விழுக்காடானது. முதல் ஆண்டில் கூடவில்லை என்பதுதான் கவனிக்கவேண்டியது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கும் நேரத்தில் அது வருகிறது.

உணவு தந்த ஆறுதலை மனம் வேறெங்காவது தேடும். மது, சூதாட்டம், இணையத்தில் பொருள் வாங்குவது... எதுவாகவும் இருக்கலாம். உங்கள் வீட்டில் இரண்டு பேரிடமாவது "நான் அப்படி மாறினால் எனக்குச் சொல்லுங்கள்" என்று கேட்டுவையுங்கள்.

மனச்சோர்வு திரும்பினால்?

பெரும்பாலோருக்கு முதல் ஆண்டில் மனநிலை மேம்படுகிறது. ஆனால் எல்லாருக்கும் அல்ல. சிலருக்கு எடை குறைவது நின்றபிறகு பழைய சோர்வு திரும்புகிறது.

கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் 8,800க்கும் மேற்பட்டோரைக் கவனித்த ஆய்வு 2016இல் வெளியானது. தங்களைத் தாங்களே காயப்படுத்திக்கொண்டு அவசரப் பிரிவுக்கு வந்த சம்பவங்கள், சிகிச்சைக்குப் பிந்திய மூன்று ஆண்டுகளில் சுமார் 50 விழுக்காடு கூடியிருந்தன. பாதிக்கப்பட்டோர் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில்தான் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு ஏற்கனவே மனநலப் பிரச்சினை கண்டறியப்பட்டிருந்தது.

ஆகவேதான் மதிப்பீட்டின்போது எதையும் மறைக்கவேண்டாம் என்கிறோம். முன்பே தெரிந்திருந்தால், பின்னால் உங்களைக் கவனித்துக்கொள்ள ஆள் இருப்பார்.

மனநல மருந்து சாப்பிடுபவரா? சிகிச்சைக்குப் பிறகு சில மாத்திரைகள் உடலில் சேரும் விதம் மாறலாம். மெதுவாகக் கரையும் வகைகளில் இது இன்னும் முக்கியம். மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். அளவை மாற்றவேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் உதவி தேடுங்கள்:

• எதிலும் ஆர்வம் இல்லாமல் போவது
• தூக்கம் வராதது, அல்லது எந்நேரமும் தூங்குவது
• மருத்துவச் சந்திப்புகளைத் தவிர்ப்பது
• சாப்பிடவே பயப்படுவது, சாப்பிட்டதை வேண்டுமென்றே வாந்தியெடுப்பது

"இருந்து என்ன பயன்?" என்ற எண்ணம் வந்தால் ஒருநாள்கூடக் காத்திருக்கவேண்டாம். சிங்கப்பூர் அபயஆலோசனைச் சங்கத்தை 1767 என்ற எண்ணிலும், தேசிய மனநல உதவித் தொலைபேசிச் சேவையை 1771 என்ற எண்ணிலும் எந்நேரமும் அழைக்கலாம். உயிருக்கு ஆபத்து என்றால் 995.

எடை மீண்டும் ஏறினால் தோல்வியா?

இல்லை. கொஞ்சம் ஏறுவது எதிர்பார்க்கப்படும் ஒன்று.

சுவீடனில் 1987இல் தொடங்கிய நீண்டகால ஆய்வில் 4,000க்கும் அதிகமானோர் பங்கெடுத்தார்கள். அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களின் எடை முதல் ஓரிரு ஆண்டுகளில் மிகக் குறைந்தது. பிறகு கொஞ்சம் ஏறி ஒரு நிலைக்கு வந்தது. 20 ஆண்டு கழித்து, தொடக்க எடையைவிடச் சராசரியாக 18 விழுக்காடு குறைவாக இருந்தது. அன்று செய்யப்பட்ட முறைகளில் பல இன்று வழக்கத்தில் இல்லை. ஆனால் அந்தப் போக்கு இன்றும் பொருந்தும்.

ஆபத்து, ஏறிய மூன்று கிலோகிராமில் இல்லை. "டாக்டர் முகத்துல எப்படி முழிக்கிறது?" என்று வெட்கப்பட்டுச் சந்திப்புக்குப் போகாமல் இருப்பதில்தான் இருக்கிறது. எடை ஏறும்போதுதான் குழு உங்களைப் பார்க்கவேண்டும். அதை இப்போதே மனத்தில் பதிய வையுங்கள்.

மருத்துவரிடம் கேட்கவேண்டிய கேள்விகள்

• என் உடலுக்கு எந்த முறை பொருந்தும்? ஏன்?
• எனக்கு எவ்வளவு எடை குறையலாம்? எந்த நோய்கள் மேம்படலாம்?
• சிக்கல் வந்தால் அது என்னவாக இருக்கும்?
• சிகிச்சைக்குப் பிறகு உளவியல் நிபுணரைத் தொடர்ந்து பார்க்க முடியுமா?
• செய்துகொண்டவர்கள் சந்திக்கும் ஆதரவுக் குழு இருக்கிறதா?
• பிள்ளை பெற்றுக்கொள்ள எவ்வளவு காலம் காத்திருக்கவேண்டும்? (பொதுவாக 12 முதல் 18 மாதம் வரை)
• செய்துகொள்ளாவிட்டால் எனக்கு வேறு என்ன வழி?

இன்னும் தயாராக இல்லை என்று தோன்றினால்?

சொல்லிவிடுங்கள். நாள் குறித்த பிறகும் சொல்லலாம். அறுவைக் கூடத்துக்குப் போகும் காலையில்கூடச் சொல்லலாம். கணவர் சொன்னார், பிள்ளைகள் கட்டாயப்படுத்தினார்கள், கல்யாணத்துக்குள் இளைக்கவேண்டும்... இவை மட்டுமே காரணம் என்றால் இன்னும் கொஞ்சம் யோசிப்பது நல்லது. சிகிச்சைக்குப் பிறகு ஒவ்வொரு கவளத்தையும் மெல்லப் போவது நீங்கள்தான்.

பயம் இருப்பதால் தயாராக இல்லை என்றும் அர்த்தமில்லை. பயமும் விருப்பமும் சேர்ந்தே இருக்கலாம். எதற்குப் பயப்படுகிறீர்கள் என்று உங்களால் பெயர் சொல்ல முடிகிறதா? அதைச் சொல்ல ஓர் ஆள் இருக்கிறாரா? அப்படியென்றால் பாதி தயாராகிவிட்டீர்கள்.

மீதிப் பாதிக்கு, அந்தக் குறிப்பேட்டை இன்று இரவே தொடங்குங்கள். முதல் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வி: இன்று நான் கடைசியாகச் சாப்பிட்டபோது எனக்கு உண்மையில் பசித்ததா?